45,000 ரூபாய் ரோடு சைக்கிளா, 90,000 ரூபாயா? வாங்கும் முன், அப்கிரேடு பண்ணும் முன் ஒரு கணக்கு



வாசுதேவநல்லூர்ல இருந்து ஒரு தம்பி அனுப்பின கேள்வி இது. "அண்ணே, வயசு 25. தென்காசியில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 31,000. செலவு 18,000 ஆகும். வங்கியில 70,000 இருக்கு. வாரம் மூணு நாள் காலையில சிவகிரி, புளியங்குடின்னு 30 கிலோமீட்டர் பழைய சைக்கிள்ல ஓட்டுறேன். இப்ப ரோடு சைக்கிள் வாங்கலாம்னு ஆசை. 45,000-க்கு ஒண்ணு, 90,000-க்கு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். பெரிய வண்டிக்கு வட்டியில்லா ஈஎம்ஐ தர்றாங்க. எதை எடுக்கட்டும்?"

சைக்கிளுக்கு எதுக்குப்பா அவ்வளவு காசுன்னு வீட்டுல கேப்பாங்க. நான் அப்படிக் கேக்க மாட்டேன். ஓட்டுறவனுக்கு அது நல்ல செலவுதான். ஆனா எந்தக் காசு எங்க போகுதுன்னு தெரிஞ்சு போகணும். அதை இன்னிக்கு வரிசையா பாத்துடலாம்.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

சைக்கிளோட உண்மையான விலை பில்லுல இருக்கிற விலை இல்ல. வாங்குன விலையில இருந்து விக்கிற விலையைக் கழிங்க. பராமரிப்புச் செலவைக் கூட்டுங்க. ஓட்டின கிலோமீட்டரால வகுங்க. வர்றதுதான் உண்மையான விலை.

தம்பியோட கணக்கையே போடுவோம். வாரம் 90 கிலோமீட்டர். மழை, காய்ச்சல், கல்யாணம், கோயில் கொடைன்னு ஏழு வாரம் போனாலும் வருஷம் 45 வாரம் ஓட்டலாம். அஞ்சு வருஷத்துக்கு 20,250 கிலோமீட்டர். இதுல விக்கிற விலையும் பராமரிப்பும் என் அனுமானம், உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க.

45,000 வண்டி: அஞ்சு வருஷம் கழிச்சு 15,000-க்கு விக்கலாம், பராமரிப்பு வருஷம் 4,000. மொத்தம் 50,000. கிலோமீட்டருக்கு சுமார் 2 ரூபாய் 47 காசு.

90,000 வண்டி: 35,000-க்கு விக்கலாம், பராமரிப்பு வருஷம் 7,000. மொத்தம் 90,000. கிலோமீட்டருக்கு சுமார் 4 ரூபாய் 44 காசு.

ரெண்டுமே பரவாயில்லைன்னு தோணும். ஆனா மூணாவதா ஒரு கணக்கு இருக்கு. 45,000-க்கு வாங்கி, 500 கிலோமீட்டர் ஓட்டி, மாடிப்படிக்குக் கீழ நிறுத்தி, அடுத்த வருஷம் 25,000-க்குத் தள்ளி விட்டா? கிலோமீட்டருக்கு 40 ரூபாய்! அதனால முதல் கேள்வி "எந்த மாடல்?" இல்ல. "இப்ப இருக்கிற சைக்கிள்ல எவ்வளவு ஓட்டுறேன்?" இதுதான். தம்பி ஏற்கெனவே வாரம் மூணு நாள் ஓட்டுறார். அதனால இந்தத் தேர்வுல பாஸ்.

மாத்த முடியாதது, மாத்த முடிஞ்சது

சைக்கிள் வாங்கும்போது பலரும் கியர் செட்டோட பேரைத்தான் முதல்ல பாக்குறாங்க. நான் வேற மாதிரி சொல்றேன். பின்னாடி மாத்தவே முடியாத விஷயங்களுக்கு முதல்ல காசைப் போடுங்க. அது மூணே மூணு.

ஒண்ணு, பிரேம் அளவு. என் முதல் ரோடு சைக்கிள் 56 சைஸ். எனக்குப் பொருந்துறது 52. ஆபர்ல அந்த ஒரு சைஸ்தான் மிச்சம் இருந்துச்சு, கடையில "சீட்டை இறக்கிக்கலாம் சார்"னு சொன்னாங்க, நானும் நம்பி எடுத்துட்டேன். சீட்டை இறக்கலாம், ஹேண்டில் தூரத்தைக் கொஞ்சம்தான் குறைக்கலாம். நாலு மாசம் கழுத்து வலி, மணிக்கட்டு மரத்துப் போறது. கடைசியில 14,000 நஷ்டத்துக்கு வித்தேன். ஆபர்ல மிச்சம் பிடிச்சது 6,000!

ரெண்டு, பிரேக் வகை. ரிம் பிரேக்குக்குன்னு செஞ்ச பிரேம்ல டிஸ்க் பிரேக் மாட்ட இடமே இருக்காது. நம்ம பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலச் சாரல். ரோடு ஈரம், ரிம்மும் ஈரம். ஈர ரிம்ல பிரேக் பிடிக்க நேரம் எடுக்கும். சாரல்லயும் ஓட்டுவேன்னா டிஸ்க் எடுங்க. வெயில் நாள்ல மட்டும்தான்னா ரிம் பிரேக் போதும். விலையும் குறைவு, நம்ம ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சியே சரி பண்ணிடுவார்.

மூணு, டயருக்கான இடம். 25 மில்லிமீட்டர் டயர் மட்டுமே போற பிரேம் வேண்டாம். 28, முடிஞ்சா 32 வரைக்கும் இடம் இருக்கணும். நெடுஞ்சாலையில இருந்து ஊருக்குள்ள திரும்பும்போது ஏன்னு புரியும்.

சீட், பெடல், டயர், ஹேண்டில் டேப், செயின் எல்லாம் எப்ப வேணா மாத்தலாம். அதுக்காக வாங்குற அன்னிக்கே அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

எடை குறைஞ்சா வேகம் கூடுமா?

விலை ஏற ஏற எடை குறையும். 90,000 வண்டி ஒரு கிலோ, ஒன்றரை கிலோ குறைவா இருக்கலாம். அந்த ஒரு கிலோவுக்கு என்ன மதிப்பு?

சமதளத்துல மணிக்கு 25 கிலோமீட்டர்ல போறீங்கன்னு வெச்சுக்குவோம். ஒரு கிலோ குறைஞ்சா உங்க கால் மிச்சம் பிடிக்கிறது சுமார் மூணுல ஒரு பங்கு வாட். ஒண்ணுமே இல்லாத மாதிரிதான். புளியரை எஸ் வளைவு மாதிரி ஏற்றத்துல? 150 வாட் சக்தி கொடுக்குற ஆள் 100 மீட்டர் உயரம் ஏறினா, ஒரு கிலோ குறைவுக்கு மிச்சமாகுறது ஆறரை விநாடி. தண்ணி பாட்டில் ஒண்ணு காலியானா ஏறக்குறைய அதே பலன்.

இப்ப டயரைப் பாருங்க. மலிவான வண்டியில வர்ற கெட்டியான டயருக்கும் நல்ல டயருக்கும் உருளும் தடையில ஆயிரத்துல மூணு பங்கு வித்தியாசம் இருந்தா போதும். ஆளும் வண்டியும் சேர்த்து 80 கிலோ, அதே 25 கிலோமீட்டர் வேகம்னா சுமார் 16 வாட் மிச்சம். நம்மள மாதிரி சாதாரண ஓட்டிக்கு அது கால்ல தெரியுற வித்தியாசம். ரெண்டு நல்ல டயர் சில ஆயிரம் ரூபாய்ல முடிஞ்சிடும்.

அப்புறம் காத்து. செங்கோட்டைக் கணவாய் வழியா ஆடி மாசம் அடிக்கிற காத்தை நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கம் காத்தாடி ஆலைகள் நிக்கிறதே அதனாலதான். காத்துத் தடையில பெரும்பங்கு சைக்கிள் இல்ல, நம்ம உடம்பு. முழங்கையை மடக்கிக் குனிஞ்சு ஓட்டுறதுதான் இருக்கிறதிலேயே பெரிய அப்கிரேடு. அதுக்குச் செலவு பூஜ்ஜியம்.

அப்கிரேடு வரிசை: எதை முதல்ல?

முதல்ல உட்காரும் நிலை. செருப்பில்லாம சுவரோட ஒட்டி நின்னு, ஒரு புத்தகத்தைக் கால் இடுக்குல வெச்சு, தரையில இருந்து அதோட மேல் விளிம்பு வரைக்கும் அளங்க. அதை 0.883-ஆல பெருக்குங்க. 80 சென்டிமீட்டர்னா 70.6 வரும். பெடல் சுத்துற அச்சுல இருந்து சீட்டோட மேல்பாகம் வரைக்கும் அந்த உயரம். இது ஆரம்பப் புள்ளிதான், அப்புறம் கொஞ்சம் ஏத்தி இறக்கிக்கலாம். முட்டி வலின்னு சொல்றவங்க முதல்ல இதைச் சரி பாருங்க.

ரெண்டாவது டயரும் டியூபும். டியூப் வால்வு பிரெஸ்டாவா இருந்தா நம்ம ஊர் பஞ்சர் கடை பம்பு நேரா பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணு பையில இருக்கட்டும். 700சி அளவு டியூப் எல்லாக் கடையிலயும் கிடைக்காது. எப்பவும் ரெண்டு கையிருப்பு வெச்சுக்கோங்க.

மூணாவது சீட், ஹேண்டில் டேப், பிரேக் கட்டை. வலி குறைஞ்சா கிலோமீட்டர் கூடும். கிலோமீட்டர் கூடினா மேல போட்ட கணக்கு தானா குறையும்.

நாலாவது வீல். உண்மையிலேயே வாரம் நூறு கிலோமீட்டர் தாண்டின பிறகு யோசிங்க.

கடைசியா கியர் செட். பணம் அதிகம் கரையுற இடம் இதுதான். ஷிமானோவோட ரோடு வரிசை கீழ இருந்து மேல இப்படிப் போகும்: கிளாரிஸ் 8 ஸ்பீடு, சோரா 9, டியாக்ரா 10, அதுக்கு மேல 105, அல்டெக்ரா, டியூரா ஏஸ். கிளாரிஸ் வண்டியை வாங்கி அப்புறம் 105-க்கு மாத்திக்கலாம்னு நினைக்காதீங்க. ஸ்பீடு எண்ணிக்கை மாறினா ஷிப்டர், டெரெய்லர், செயின், கேசட் எல்லாமே மாறும். 11 ஸ்பீடு ரோடு கேசட் 8 ஸ்பீடு வீல்ல உட்காராது, ஏன்னா அதுக்கு 1.8 மில்லிமீட்டர் கூடுதல் இடம் வேணும். அப்ப வீலும் போச்சு. சேத்துப் பாத்தா வண்டி விலையில பாதிக்கு மேல போயிடும். இப்ப வர்ற கியூஸ் வரிசையும் பழைய கிளாரிஸ், சோராவோட கலந்து மாட்டுற மாதிரி செஞ்சதில்லை.

அதனால 105 வேணும்னா வாங்கும்போதே 105 வண்டியா வாங்குங்க. இல்லைன்னா 8 ஸ்பீடுலயே நிம்மதியா ஓட்டுங்க. செயின், கேசட் ரெண்டும் விலை குறைவு, நீண்ட நாள் உழைக்கும்.

500 ரூபாய் ஸ்கேல், 5,000 ரூபாய் மிச்சம்

500 கூட வேணாம், இரும்பு ஸ்கேல் ஒண்ணு போதும். புது செயின்ல 24 பின் தூரம் சரியா 12 அங்குலம். அது 12 அங்குலத்துக்கு மேல ஒரு அங்குலத்துல 16-ல ஒரு பங்கு கூடிடுச்சுன்னா செயினை மாத்துங்க. 8-ல ஒரு பங்கு வரைக்கும் விட்டீங்கன்னா பல்சக்கரமும் தேஞ்சிருக்கும், கேசட்டையும் சேத்து மாத்தணும். சாரல்ல நனைஞ்ச செயினைத் துடைச்சு எண்ணெய் விடாம நிறுத்துறதுதான் செயினைச் சீக்கிரம் சாகடிக்கும்.

வட்டியில்லா ஈஎம்ஐ: வட்டி எங்க ஒளிஞ்சிருக்கு?

பூஜ்ஜிய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிருச்சு. இப்ப நடக்கிறது என்னன்னா, வட்டி அளவுக்குத் தள்ளுபடி காட்டிட்டு வங்கி வட்டியை வாங்கும்.

90,000 ரூபாய், 12 மாசம், மாசம் 7,500. வங்கி வட்டி 15 சதவீதம்னா, உண்மையில கடன் சுமார் 83,095, வட்டி சுமார் 6,905. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது சுமார் 1,243 ரூபாய். அது உங்க தலையில. 199 ரூபாய் பிராசஸிங் கட்டணம்னா வரியோட 235. ஆக "இலவச" ஈஎம்ஐக்கு 1,478 ரூபாய். அதைவிட முக்கியம், வங்கிக்கு ஏறக்குறைய 6,900 விட்டுக் கொடுக்கத் தயாரா இருக்கிற கடையில முழுப் பணம் கட்டுற உங்களுக்கு என்ன குறைப்பீங்கன்னு கேளுங்க. கேட்டாதான் கிடைக்கும்.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 சதவீதம் ஆயிடுச்சு. பழைய வரியோட 56,000-ன்னு ஒட்டியிருந்த வண்டி, அடிப்படை விலை மாறலைன்னா இப்ப 52,500-தான் வரணும். பில்லுல எத்தனை சதவீதம் போட்டிருக்குன்னு பாருங்க.

தம்பிக்கு என் பதில்

மாசச் செலவு 18,000-ன்னா மூணு மாச அவசர நிதி 54,000. 70,000-ல அதைத் தொடக் கூடாது. மிச்சம் 16,000. வண்டி 45,000, ஹெல்மெட், முன் பின் விளக்கு, பம்பு, டியூப், சின்ன டூல் செட்டுக்கு 6,000. மொத்தம் 51,000. இன்னும் வேண்டியது 35,000. மாசம் 7,000 ஒதுக்கினா சரியா அஞ்சு மாசம். கடன் இல்ல, வட்டி இல்ல.

90,000 வண்டியை எடுத்தா மாசம் 7,500, சம்பளத்துல கிட்டத்தட்ட கால் பங்கு. நடுவுல அப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா அந்த வண்டிதான் முதல்ல விலைக்குப் போகும், அதுவும் அவசர விலைக்கு.

விளக்கு, ஹெல்மெட்டை மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. ராஜபாளையம்–தென்காசி சாலையில கேரளா போற லாரிகளோட சேந்துதான் நாம ஓட்டுறோம். வங்கிக் கணக்குல பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா இருக்கான்னும் பாத்துடுங்க. வருஷம் 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் காப்பீடு. அது போதாதுதான், ஆனா அதுகூட இல்லாம ரோட்டுக்குப் போகாதீங்க.

இந்த அஞ்சு மாசமும் பழைய சைக்கிளை நிறுத்தாதீங்க. சீட் உயரத்தைச் சரி பண்ணி, அதே 30 கிலோமீட்டரை ஓட்டுங்க, தேதியையும் தூரத்தையும் எழுதி வைங்க. அஞ்சாவது மாசமும் வாரம் மூணு நாள் ஓட்டிட்டு இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு 45,000 வண்டியை வாங்குங்க. ஓட்டலைன்னா 35,000 ரூபாய் கணக்குல பத்திரமா இருக்கும்.

இந்தக் கணக்கை அப்படியே எக்செல்ல போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல வரும். உங்க எண்களோட போட்டுப் பாருங்க.