வெளியூர்ச் சாமான்

கிழக்கிலங்கையில் வெருகல் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஆவியில் அவிவது என்றால் பிட்டும் கொழுக்கட்டையும்தான். முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் மூதூர், தோப்பூர் முஸ்லிம் வீடுகளின் பெருநாள் பண்டம். டச்சுக்காரர் காலத்து மலாயர்களோடு இலங்கைக்கு வந்ததென்பார்கள். ஒருமுறை தின்றவர்கள் சும்மா இருப்பார்களா? செய்முறையும் வேலி தாண்டிற்று.

அன்று முட்டை வளவுக் கோழியுடையது, தேங்காய் வீட்டு மரத்தது. கித்துள் கருப்பட்டிதான் வெளியூர்ச் சாமான். கித்துள் இந்தக் காய்ந்த கரையில் வளராது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து மரம். கருப்பட்டி திருகோணமலைக் கடைக்கு வந்து, அங்கிருந்து லோஞ்சிலும் பாதைப் படகிலும் தண்ணீர் கடந்தால்தான் இங்கே வட்டிலப்பம். 2006இல் போரால் சனம் வாகரைக்கு இடம்பெயர்ந்தபோது கோழியும் போயிற்று, வளவும் போயிற்று.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. பிறகு வெருகலுக்கும் பாலம் வந்தது. இப்போது கருப்பட்டி சந்திக் கடையிலேயே கிடைக்கிறது. கிடைப்பதில் பாதி சீனிப்பாகு! உடைத்துப் பாருங்கள்: அசல் கித்துள் கையாலேயே பிட்டுக்கொள்ளும், கருத்திருக்கும், லேசாகப் புகை மணக்கும். சீனி கலந்தது கல்லாக இருக்கும். முட்டைக் கதை தலைகீழ். 2023இல் தட்டுப்பாட்டுக்கு இந்தியாவிலிருந்தே முட்டை இறக்கினார்கள். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தொட்டது. பலர் தேங்காய்ப் பால்மாப் பக்கற்றுக்கு மாறிவிட்டார்கள். அந்த மாப்பாலில் செய்தது நாக்கில் ஒட்டுகிறது, மணக்கவில்லை.

அளவு மாறவில்லை. அரைக் கிலோ கருப்பட்டிக்குப் பத்து முட்டை, இரண்டு கோப்பை முதற்பால். கருப்பட்டியைச் சீவிக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, ஆறவிட வேண்டும். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். முட்டையை நுரைக்க அடிக்காமல் கலக்கி, பாலும் ஏலக்காயும் சாதிக்காயும் சேர்த்துக் கிண்ணத்தில் ஊற்றி மூடி, ஆவியில் வைப்பது. மூடிக்குள் துணி கட்டாவிட்டால் வேர்வை சொட்டி மேலே குழி விழும்.

தணல்தான் சிக்கல். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் முட்டை இறுகி, வட்டிலப்பம் நீர் விட்டுக்கொண்டு நிற்கும். விறகடுப்பில் கொள்ளியை இழுத்து இழுத்து விடுவார்கள். இதில் காஸ் அடுப்பே மேல். விறகுச் சுவை என்று ஏங்குபவர்கள் புகையில் கண்ணைக் கசக்கியவர்களாக இருக்கமாட்டார்கள்.

மேலே தூவும் கஜு அன்றும் கண்ணளவு, இன்றும் கண்ணளவு. விலை கேட்ட பிறகு கண் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.