லேபிள் பிரிண்டரும் கட்டளைக் கலித்துறையும்

முன்னுரை

சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட அன்பர்கள், வழக்கம்போல் நான் யாப்பைப் பற்றி எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை என் கடை மேசைமேல் இருக்கிற, கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஒரு லேபிள் பிரிண்டரைப் பற்றி எழுதுகிறேன். யாப்பும் இதிலே வரும். ஏன் வருகிறது என்பது போகப் போகத் தெரியும்.

நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். பிழைப்பைத் தேடித் தெற்கே வந்து, பாறசாலைப் பக்கம் மளிகையும் நாட்டு மருந்தும் விற்கும் கடை வைத்தேன். தமிழ் இலக்கணம் படித்ததும் கடையில் உட்கார்ந்துதான். இந்தக் கருவியின் கட்டளைகளைப் படித்ததும் கடையில் உட்கார்ந்துதான். இரண்டுக்கும் வாத்தியார் கிடையாது. எனவே எனக்குப் புரிந்த முறையிலேயே சொல்கிறேன். சிறு வணிகம் செய்யும் நம்மவர் எவருக்கேனும் இது பயன்பட்டால் போதும்.

ஒரு பொட்டலம் செய்த வினை

1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைக்கோடு போட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலை அதற்குள் அடங்கியது. இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை, நடந்தே போய்விடலாம். ஆனாலும் கடைப்பலகையின் எழுத்து மாறிவிடும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மலையாளம் சரளமாகப் பேசியும், எழுத்தென்று வரும்போது தமிழை மட்டுமே வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் இருந்தார்கள். இன்றும் சிலர் இருக்கிறார்கள்.

2013-இல் அப்படி ஒரு பாட்டி என் கடையில் இரண்டு பொட்டலங்கள் வாங்கிப் போனார். ஒன்று கடுக்காய்ப் பொடி, மற்றது சீயக்காய்ப் பொடி. இரண்டும் ஒரே மாதிரி உறை. லேபிளில் ஆங்கிலமும் மலையாளமும் இருந்தன, தமிழ் இல்லை. இரவு வயிற்றுக்கு ஆகட்டும் என்று கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கலந்து குடித்தார், குடித்தது சீயக்காய். நுரையும் வாந்தியுமாக அந்த இரவு கழிந்தது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் அவர் பேரன் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். திட்டியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும். பிழை என் கடையுடையது.

சட்டம் நம்மைத் தடுக்கவும் இல்லை. 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி, பொட்டலம் இட்டவர் பெயர் முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, மாதம் ஆண்டு, வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவற்றை ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ அச்சிட வேண்டும். அதோடு வேறு மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே தமிழ் இல்லாமற் போனதற்குச் சட்டத்தைக் காரணம் சொல்ல முடியாது. பிரிண்டர் விற்றவரிடம் கேட்டேன். "இதுல தமிழ் வராது சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த 'வராது' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

கருவி எப்படி அச்சிடுகிறது?

இதற்கு மை கிடையாது. பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துத் தரும் டிக்கெட் போலவே, சூடு பட்டால் கறுக்கும் தாள் இதில் ஓடுகிறது. தாளுக்குக் குறுக்கே ஓர் அச்சுத் தலை. அதில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 வீதம் நுண்ணிய சூட்டுமுனைகள். என் கருவியின் தலை 48 மில்லிமீட்டர் அகலம். ஆக, 384 முனைகள். தாள் நகர நகர, வேண்டிய முனைகள் மட்டும் சுடும். கருவி அறிந்தது கறுப்பா வெளுப்பா என்பது ஒன்றுதான். எழுத்து, கோடு, பார்கோடு எல்லாம் அந்தப் புள்ளிகளின் கூட்டமே.

இந்தப் புள்ளிகளை எங்கே வைப்பது என்று சொல்வதுதான் கட்டளை மொழி. கையடக்கப் பிரிண்டர்களில் பரவலாக வழங்குவது சி.பி.சி.எல். என்பது. காம்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் உண்டாக்கியது. அந்நிறுவனத்தை 2000-இல் ஜீப்ரா நிறுவனம் வாங்கியது. ஒரு கட்டளைத் தொகுதி இப்படி இருக்கும். (கருவிக்கு அனுப்பும்போது சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். மலருக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.)

! 0 200 200 320 1
டெக்ஸ்ட் 7 0 30 100 ஹரிதகி பவுடர்
டெக்ஸ்ட் 7 0 30 140 நெட் வெயிட் 100 ஜி
ஃபார்ம்
பிரிண்ட்

முதல் வரியின் ஆச்சரியக்குறி 'கேள், தொடங்குகிறேன்' என்று அழைப்பது. அடுத்த 0 பக்கவாட்டில் தள்ள வேண்டிய அளவு. இரண்டு 200-களும் அச்சு நெருக்கம். 320 என்பது லேபிளின் உயரம், புள்ளிக் கணக்கில். 40 மில்லிமீட்டரை 8-ஆல் பெருக்கினால் 320. கடைசி 1, எத்தனை லேபிள் என்பது. நூறு வேண்டுமானால் அங்கே 100 என்று போட்டால் முடிந்தது.

டெக்ஸ்ட் வரியில் 7 என்பது கருவிக்குள் இருக்கும் எழுத்துருவின் எண், 0 அதன் அளவு. 30 இடப்பக்கத்திலிருந்து தூரம், 100 மேலிருந்து தூரம். பிறகு அச்சிட வேண்டிய சொற்கள். கிராமுக்கு 'ஜி' என்ற ஒற்றைச் சிறிய எழுத்துத்தான் முறை, 'ஜி.எம்.எஸ்.' என்று நீட்டக் கூடாது. ஃபார்ம் என்றால் அடுத்த லேபிளின் தலைக்குத் தாளைக் கொண்டுபோ. பிரிண்ட் என்றால் அச்சிடு. சட்டம் கேட்கும் மற்ற விவரங்களையும் இதே போல வரி வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'வரி திரும்பு, வரி இறங்கு' என்ற கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் இருக்க வேண்டும். கடைசி வரிக்கு அவை இல்லாமற் போனால் கருவி இன்னும் ஏதோ வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். பழுது என்று நினைத்து நான் ஒரு பகல் முழுக்க அதைத் தட்டிப் பார்த்ததுண்டு.

அளவு அமைத்தல்

லேபிள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கருவியின் கண் பார்த்து நிற்க வேண்டும். தாளின் பின்புறம் கறுப்புக் கோடு உள்ள சுருளுக்கு பார்-சென்ஸ், இடைவெளி உள்ள சுருளுக்கு கேப்-சென்ஸ். இதை மாற்றிச் சொன்னால் லேபிள் பாதியில் நிற்கும், அல்லது நாலைந்து வெற்று லேபிள் ஓடிவிடும். நிற்க வேண்டிய இடத்தை அமைப்பது இப்படி:

! யுடிலிட்டீஸ்
இன்-மில்லிமீட்டர்ஸ்
செட்எஃப்எஃப் 50 3
பிரிண்ட்

50 மில்லிமீட்டர் வரை அடையாளத்தைத் தேடு, கண்டபின் 3 மில்லிமீட்டர் நகர்ந்து நில் என்பது பொருள். கான்ட்ராஸ்ட் என்ற கட்டளைக்கு 0 முதல் 3 வரை எண் தரலாம். எண் கூடினால் கறுப்பு கூடும். இந்தத் தாள் வெயிலிலும் எண்ணெய்ப் பசையிலும் வெளிறிப்போகும் என்பதையும் மறக்கக் கூடாது. கடை முகப்பில் வெயில் படும்படி பொட்டலத்தைத் தொங்கவிட்டால் மாதமும் விலையும் மறைந்து, லேபிளே இல்லாத பொருளாகிவிடும்.

தமிழ் ஏன் வரவில்லை?

டெக்ஸ்ட் வரியில் 'கடுக்காய்' என்று தமிழில் அனுப்பிப் பார்த்தேன். தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் அடைத்த 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வந்தன. காரணம் பின்னால் விளங்கியது. கணினியில் தமிழின் ஒவ்வொரு குறியும் யூ.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டாகப் போகிறது. முதல் பைட்டு எப்போதும் ஒன்றே. இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றே. ஒரு பைட்டு ஓர் எழுத்து என்று ஐரோப்பிய வழக்கில் படிக்கும் கருவி அவற்றைத் தனித்தனி எழுத்தாக அச்சிட்டுவிடுகிறது.

சரி, தமிழ் எழுத்துருவை உள்ளே ஏற்றிவிட்டால் ஆயிற்றே என்று கேட்கலாம். அங்கேதான் யாப்பு வருகிறது.

அமிதசாகரர் என்னும் சமணப் பெரியார் இயற்றிய யாப்பருங்கலக்காரிகை கட்டளைக் கலித்துறையில் அமைந்தது. நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு; ஒற்றெழுத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'கட்டளை' என்ற சொல்லுக்கு ஆணை என்பதோடு, மீறக் கூடாத அளவு என்றும் ஒரு பொருள் உண்டென்று அங்கே காண்கிறோம். இப்போது கடுக்காயை எண்ணுங்கள். பள்ளிக்கூடக் கணக்கில் க, டு, க், கா, ய் என ஐந்து எழுத்து. ஒற்று நீக்கினால் மூன்று. கணினிக் கணக்கிலோ ஒன்பது! ககரம், டகரம், உகரக்குறி, ககரம், புள்ளி, ககரம், கால், யகரம், புள்ளி. புலவர் எண்ணாமல் விட்ட புள்ளியைக் கணினி தனி ஆளாக எண்ணுகிறது.

இந்த ஒன்பதையும் ஒன்றோடொன்று இணைத்து ஐந்து வடிவமாக வரைய ஒரு அறிவு வேண்டும். டகரமும் உகரக்குறியும் சேர்ந்து 'டு' என்ற ஒரே வடிவமாக வேண்டும். கொத்தமல்லியின் 'கொ'வில் கொம்பு முன்னேயும் கால் பின்னேயும் பிரிந்து நிற்க வேண்டும். நம் கணினியிலும் கைப்பேசியிலும் அந்த அறிவு இருக்கிறது. வந்த குறியை வந்த வரிசையில் வைக்கும் சாதாரண லேபிள் பிரிண்டரில் அது இல்லை. ஜீப்ராவின் இசட்.பி.எல். என்ற இன்னொரு கட்டளை மொழியில் எழுத்தை இணைத்து வரையச் சொல்லும் பி.ஏ. என்ற கட்டளை வந்திருக்கிறது. அதற்கும் தமிழ் எழுத்துருவை நாமே ஏற்ற வேண்டும். 'தமிழ் வராது' என்றால் இவ்வளவுதான் பொருள். தமிழ்மேல் குறையில்லை.

எழுத்தைப் படமாக அனுப்புதல்

அறிவுள்ள கணினியிடம் எழுத்தை வரையச் சொல்லி, வரைந்த படத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினால் வேலை தீர்ந்தது. அதற்கு ஈ.ஜி. என்ற கட்டளை இருக்கிறது.

ஈ.ஜி. 40 64 30 20 ... (தொடர்ந்து படத்தின் குறிகள்)

40 என்பது படத்தின் அகலம், பைட்டுக் கணக்கில். ஒரு பைட்டுக்கு எட்டுப் புள்ளி. ஆக 320 புள்ளி, 40 மில்லிமீட்டர். 64 உயரம், அதாவது 8 மில்லிமீட்டர். 30, 20 வைக்க வேண்டிய இடம். குறிகள் எப்படி என்றால், நாலு நாலு புள்ளியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. 0 முதல் 9 வரை எண். 10 முதல் 15 வரைக்கு ஆங்கில ஏ முதல் எஃப் வரை. எட்டுப் புள்ளி வரிசை ஒன்றைப் பாருங்கள்:

○○●●●●○○

இடப்பக்கத்து நாலில் மதிப்பு 8, 4, 2, 1 என்ற வரிசையில் கறுப்புள்ளவை 2, 1, கூட்டினால் 3. வலப்பக்கத்தில் 8, 4. கூட்டினால் 12, அதற்குக் குறி 'சி'. ஆக '3சி'. இதே வரிசை நாலு முறை அடுக்கினால் அரை மில்லிமீட்டரில் ஒரு புள்ளி கிடைக்கும். ஒற்றெழுத்துக்கு மேல் வைக்க அது போதும்.

40-ஐ 64-ஆல் பெருக்கினால் 2560 பைட்டு, குறிகளாக 5120. இதில் ஒன்று குறைந்தாலும் கருவி அடுத்த கட்டளையின் எழுத்துகளைப் படம் என்று விழுங்கிவிடும். கலித்துறையில் ஓர் எழுத்து குறைந்தால் அடி கெடுவது போலத்தான். இவ்வளவையும் யாரும் கையால் எழுத வேண்டாம், கணினியே எழுதித் தரும். இன்னொரு சுலப வழியும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படமாக பி.சி.எக்ஸ். கோப்பில் சேமித்துப் பிரிண்டரின் நினைவிலேயே ஒருமுறை ஏற்றிவிட்டால், பிறகு பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். கடுக்காய், சீயக்காய், சுக்கு, கொத்தமல்லி என்று என் கடைச் சரக்கின் பெயர்களெல்லாம் இப்போது அப்படித்தான் உள்ளே இருக்கின்றன.

முடிவுரை

இந்திய மண்ணில் இந்திய எழுத்தால் அச்சான முதல் நூல் என்று அறிஞர்கள் கொள்ளும் தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. இன்று கேரளம் என்று வழங்கும் இதே கரையில், தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்து அச்சிட்டிருக்கிறார்கள். அவர்களிடமும் 'வராது' என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

முதலில் நான் அடித்த தமிழ் லேபிளின் உயரம் 64 அல்ல, 40 புள்ளிதான். இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்ற வியாபாரப் புத்தி. அந்தப் பாட்டி கடைக்கு வந்தபோது பெருமையோடு ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். கடைசியில் நிறுத்தி, "மக்களே, இந்த 'ய'க்கு மேல புள்ளி எங்க?" என்றார். பார்த்தேன். படத்தைச் சுருக்கியதில் ஒற்றுப்புள்ளி ஒரே ஒரு அச்சுப்புள்ளியாகி, சூடு போதாமல் காணாமற் போயிருந்தது. ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதிய காலம் உண்டு என்று இலக்கணம் பேச வாய் வந்தது. பேசவில்லை. உயரத்தை 64 ஆக்கினேன், கான்ட்ராஸ்டை 2-இல் வைத்தேன், புள்ளியை நாலுக்கு நாலாகத் திருத்தினேன்.

அடுத்த தடவை அவர் வந்தபோது இரண்டு பொட்டலத்தையும் அருகருகே வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துவிட்டு, கடுக்காயை முந்தானையில் முடிந்துகொண்டு சீயக்காயைப் பைக்குள் போட்டார். விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.