ஒரே பதிவு, இரு சான்றிதழ்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் வசிக்கும் ஆசிரியர் ஒருவர் 2021-ஆம் ஆண்டில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார் என வைத்துக்கொள்வோம். கோவின் ஏட்டில் அவரைப் பற்றிய பதிவு ஒன்றே; அவர் பெறக்கூடிய சான்றிதழோ இரு விதம். உள்நாட்டுச் சான்றிதழ் அவரது வயதை மட்டும் காட்டியது. வெளிநாடு செல்வோர்க்கு அது போதவில்லை. வயது ஆண்டுதோறும் மாறுவது. கடவுச்சீட்டில் இருப்பதோ பிறந்த தேதி. இரண்டையும் ஒப்பிட இயலாத அதிகாரி பயணியை நிறுத்திவைக்கக் கூடுமன்றோ? ஆகவே அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் முறையைத் தழுவி, பிறந்த தேதியை முழுமையாகக் காட்டும் வெளிநாட்டுச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது.

இச்சான்றிதழ்களை வழங்கிய ‘டைவாக்’ என்னும் மென்பொருள், பெங்களூரிலுள்ள ஈ-கவ் நிறுவனம் உருவாக்கியதாகும். சான்றிதழின் க்யூ.ஆர். குறியீட்டினுள் அடங்கிய விவரம் ‘ஜேசன்’ என்ற முறையில் எழுதப்பட்டது. கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு பதிவின் பகுதிகள் ஆங்காங்கே இருக்கும். வேறோர் இடத்திற்கு அனுப்புமுன் அவற்றை ஒரே எழுத்துச் சரமாகக் கோத்தல் வேண்டும். இதனைச் சரமாக்கல் எனலாம். ஜேசன் முறையில் ஒவ்வொரு தலைப்பின் எதிரேயும் அதற்குரிய மதிப்பு எழுதப்படும்.

இம்முறையில் சொல்லுக்கும் எண்ணுக்கும் இடமுண்டு. தேதிக்கெனத் தனி இனம் கிடையாது. தேதியையும் வெறும் சொல்லாகவே எழுத வேண்டும். இங்குதான் தொல்லை தொடங்குகிறது. 05-08-1980 என்பது நமக்கு ஆகஸ்டு 5. அமெரிக்கருக்கு மே 8. ஆண்டை முதலில் வைத்து 1980-08-05 என எழுதும் சர்வதேச முறையில் இம்மயக்கம் எழுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் இது புதிதன்று. சேர்க்கைப் பதிவேட்டில் மாணவனின் விவரம் யாவும் உண்டு. மாற்றுச் சான்றிதழில் அவற்றுள் சில. விளையாட்டுப் போட்டிக்கான பட்டியலில் இன்னும் சில. அதற்காகத் தலைமையாசிரியர் பதிவேட்டைத் திருத்துவதில்லை. வேறு படிவத்தை எடுக்கிறார். நிரல் எழுதுவோரும் ஒவ்வொரு தேவைக்கும் தனிப் படிவம் வகுக்கின்றனர்.

படிவத்தை இரு வகையில் வகுக்கலாம். விலக்க வேண்டிய தலைப்புகளைக் குறிப்பது ஒன்று. சேர்க்க வேண்டியவற்றைக் குறிப்பது மற்றொன்று. முன்னது சுலபமாகத் தோன்றினும் ஆபத்தானது. நாளை பதிவேட்டில் தொலைபேசி எண் புதிதாகச் சேர்க்கப்பட்டால், எவரும் தடுக்காமையால் அது தானாகவே வெளியேறிவிடும். பின்னதில் எவரேனும் அனுமதிக்கும்வரை அது உள்ளேயே நிற்கும். மதிப்பை முழுதும் நீக்காமல் ஒரு பகுதியை மறைப்பதும் உண்டு. மறைத்த ஆதாரில் 12 இலக்கங்களுள் கடைசி நான்கே தெரிகின்றன.

தடுப்பூசிச் சான்றிதழுக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. சரமாக்கியபின் அதன்மீது மின்னணுக் கையொப்பம் இடப்பட்டது. பின்னர் ஒரு விவரத்தை அழித்தாலும் கையொப்பம் பொருந்தாது. எனவே வெளிநாட்டுச் சான்றிதழிலிருந்து பிறந்த தேதியைச் சுரண்டி உள்நாட்டுச் சான்றிதழ் ஆக்க இயலாது. மூலப்பதிவிலிருந்து புதிதாக எழுதி, மீண்டும் கையொப்பமிட வேண்டும்.