மட்டை வீச்சும் பழக்கத்தின் வலிமையும்

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பர். நடை, பேச்சு, கையெழுத்து ஆகிய எல்லாவற்றிலும் பழக்கத்தின் பிடியைக் காணலாம். எனினும், அப்பிடி எத்துணை வலியது என்பதைக் கோல்ப் ஆட்டத்தைப்போலத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

இலங்கைக்கு இவ்விளையாட்டுப் புதியதன்று. கொழும்பில் 1879ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு கழகம் தோன்றிவிட்டது. சிறு பந்தொன்றை நீண்ட மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் மிகக் குறைந்த அடிகளில் விழச்செய்வதே ஆட்டம். கிரிக்கெட்டிலும் டென்னிசிலும் பந்து ஆட்டக்காரரை நோக்கி விரைந்து வருகிறது. கோல்பிலோ அது புல்லின்மேல் அசையாது கிடக்கிறது. ஆட்டக்காரர் நின்று, நோக்கி, எண்ணி, தாம் விரும்பும் வேளையில் அடிக்கலாம். இருந்தும், ஒருவர் நூறுமுறை அடித்தால் நூறுமுறையும் பந்து அதே பிழையான வழியிற் செல்லக் காண்கிறார். பிழை யாதென அறிந்தபின்னும் அது நீங்குவதில்லை. இதற்குக் காரணம் என்ன?

காரணம் கால அளவில் அடங்கியுள்ளது. மட்டையை உயர்த்தத் தொடங்கியது முதல் பந்தைத் தொடும்வரை ஏறத்தாழ ஒரு விநாடியே செல்கிறது. அதிலும், உயர்ந்த மட்டை கீழிறங்கிப் பந்தை அடைய எடுக்கும் நேரம் ஏறக்குறைய கால் விநாடி. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரமோ ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவினதே. இத்துணைச் சிறு பொழுதில் பிழையைக் கண்டு, மனம் ஆணையிட்டு, கை திருந்துதல் இயலாது. கீழிறங்கும் மட்டையை இயக்குவது அப்பொழுதைய எண்ணமன்று. நெடுநாள் ஊறிய பழக்கமே. ஆதலின், பழக்கத்தை மாற்றாது பந்தின் போக்கை மாற்ற முடியாது.

பந்து செல்லும் போக்கே பிழையை எடுத்துரைக்கும். பந்து எத்திசையிற் புறப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் மட்டையின் முகம் நோக்கியுள்ள திசையாகும். புறப்பட்டபின் அது வளைந்து செல்வது, மட்டை வீசிவந்த பாதையும் அதன் முகமும் ஒன்றோடொன்று முரண்படுவதால். பழைய பயிற்சி நூல்கள் பல, பந்து வீச்சின் பாதையிலேயே புறப்படும் எனக் கற்பித்தன. ராடார்க் கருவிகள் பந்தின் பறப்பை அளந்தபின்னரே அக்கருத்துத் திருத்தம் பெற்றது.

இவ்வுண்மையை அறியாமையால் விளையும் தீங்கு சிறிதன்று. வலக்கை ஆட்டக்காரர் ஒருவரின் பந்து வலப்புறமாக வளைந்து ஓடுகிறது எனக் கொள்வோம். அதைத் தடுக்க எண்ணி அவர் இடப்புறம் திரும்பி நின்று, மட்டையையும் இடப்புறமாக இழுத்து வீசுகிறார். முகம் பழையபடியே நிற்க, பாதை மட்டும் மேலும் இடம் சாய்வதால், முரண்பாடு மிகுந்து பந்து முன்னிலும் கூடுதலாக வலப்புறம் வளைகிறது. அவர் கண்ட மருந்தே நோயை வளர்க்கின்றது. இவ்வாறு ஆண்டுக்கணக்காகத் தம் பிழைக்குத் தாமே உரமிட்டு வருவோர் பலர்.

பந்தைக் கையால் தூக்கிவிட முயல்வது மற்றொரு பிழை. இரும்பு மட்டையின் முகம் பின்புறம் சாய்வாகவே ஆக்கப்பட்டிருக்கிறது. பந்தை உயர்த்தும் பணியை அச்சாய்வு செய்துவிடும். மட்டை முதலிற் பந்தையும் அடுத்துப் புற்றரையையும் தீண்டுதலே நல்ல அடியாகும். தூக்க எண்ணுபவர் உடலைப் பின்னே சாய்த்து, மணிக்கட்டை முந்திச் சுழற்றுகிறார். மட்டை பந்துக்கு முன்பே மண்ணில் மோதுகிறது. அன்றேல், அதன் விளிம்பு பந்தின் தலையில் உராய்ந்து செல்கிறது. இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. புல்லின்மேல் வெண்கோடு ஒன்றை இட்டு, பந்தின்றி வீசிப் பார்க்க வேண்டும். மண் பெயரும் இடம் கோட்டிலோ அதற்கு அப்பாலோ தொடங்கினால் வீச்சு நன்று. கோட்டுக்கு முன்னரே தொடங்கினால் பிழை உளது.

பிழையைக் கண்டறிவதினும் அதனைக் களைவதே அரிது. இங்கிலாந்தின் நிக் பால்டோவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவர் 1983ஆம் ஆண்டில் ஐரோப்பியப் போட்டிகளுள் ஐந்தில் வென்று, அவ்வாண்டின் வீரர் வரிசையில் முதலிடம் பெற்றவர். ஆயினும் பெரும் போட்டிகளின் இறுதிக் கட்டத்தில், நெருக்கடி மிகும்பொழுது, தம் வீச்சு நிலைகுலைவதை அவர் உணர்ந்தார். புகழோடு இருந்த அந்நிலையிலேயே, 1985ஆம் ஆண்டில், டேவிட் லெட்பெட்டர் என்னும் பயிற்சியாளரின் துணையுடன் தம் வீச்சை அடியோடு மாற்றத் தொடங்கினார். நாள்தோறும் பல நூறு பந்துகளை அடித்துப் பழகினார். பயன் உடனே கிட்டவில்லை. 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியப் போட்டி ஒன்றிலேனும் அவர் வெல்லவில்லை. வென்றுகொண்டிருந்தவர் ஏன் இவ்வாறு தம்மைக் கெடுத்துக்கொள்கிறார் எனப் பலர் வியந்தனர்.

பழக்கத்தை மாற்றுவோர் யாவரும் கடக்கவேண்டிய இடைக்காலம் இதுவே. பழையது தளர்ந்து, புதியது இன்னும் வேரூன்றாத அக்காலத்தில் ஆட்டம் முன்னிலும் தாழும். பலர் இவ்விடத்தில் அஞ்சிப் பழைய வழிக்கே மீள்வர். அவர்கள் தோற்பது திறமைக் குறைவாலன்று; பொறுமைக் குறைவால்.

இக்காலத்தைக் கடப்பதற்குச் சில நெறிகள் உதவும். முதலாவது, ஒருபொழுதில் ஒரு பிழையையே திருத்த வேண்டும். இரண்டாவது, வேகத்தைக் குறைத்து, இடுப்பளவுக்கு மட்டை உயரும் சிறு வீச்சில் தொடங்க வேண்டும். விரைவு கூடினால் பழைய பழக்கமே முந்திக்கொள்ளும். மூன்றாவது, உணர்வை முற்றும் நம்பலாகாது. ஊறிய பழக்கம் எதுவாயினும் உடலுக்கு இயல்பாகவே தோன்றும். ஆகவே, ஓரங்குல மாற்றமும் ஓரடி மாற்றம்போல் உணரப்படும். கண்ணாடியோ, படம்பிடிக்கும் கருவியோதான் உண்மையைக் காட்டும். நான்காவது, புதிய முறை ஓரளவு படிந்தபின், ஒரே மட்டையால் ஒரே இலக்கை நோக்கி அடித்துக்கொண்டிராது, மட்டையையும் தொலைவையும் மாற்றி மாற்றிப் பழக வேண்டும். ஆடுகளத்தில் ஒரே அடி இருமுறை வருவதில்லை அன்றோ! ஐந்தாவது, பயிற்சியின்போது முறையை எண்ணலாம். போட்டியின்போது இலக்கை மட்டுமே எண்ண வேண்டும்.

பால்டோவின் பொறுமை 1987ஆம் ஆண்டில் பயன் தந்தது. ஸ்கொட்லாந்திலுள்ள மியூர்பீல்டில் அவ்வாண்டு ஜூலை மாதம் நடைபெற்ற பிரித்தானியப் பகிரங்கப் போட்டியின் இறுதி நாளன்று, காற்றும் மூடுபனியும் களத்தைச் சூழ்ந்திருந்தன. ஒரு குழிக்கென வகுக்கப்பட்ட அடிகளின் எண்ணிக்கை ‘பார்’ எனப்படும். அன்று பதினெட்டுக் குழிகளையும், ஒன்று கூடாமலும் ஒன்று குறையாமலும், பார் கணக்கிலேயே முடித்து, ஓர் அடி வேறுபாட்டில் அவர் வாகை சூடினார். அதன்பின் மேலும் ஐந்து பெரும் போட்டிகள் அவர் வசமாயின. முன்னர் எந்த நெருக்கடியில் அவர் வீச்சுக் குலைந்ததோ, அதே நெருக்கடியில் அது அசையாது நின்றது.

தொட்டிற் பழக்கத்தின் வலிமையை மறுப்பார் இலர். அதனை வெறும் மனவுறுதியால் துடைத்தெறிய ஒருவராலும் ஆகாது. ஆயினும், மெல்ல மெல்லப் பயின்று, அதனினும் வலிய பழக்கமொன்றை அதன் இடத்தில் இருத்துதல் கூடும். அதற்கு விலையாகச் சிலகாலம் தோல்வியை ஏற்க வேண்டும். அவ்விலையைக் கொடுக்க இசைபவருக்கே பந்து வசப்படும்.