பாண்தூள் பூசிப் பொரித்த மாட்டிறைச்சி

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கிவந்த மாட்டிறைச்சியை விரலளவு துண்டுகளாக நறுக்கி, முட்டையிலே தோய்த்து, பாண்தூளிற் புரட்டி எண்ணெயில் இடுகின்றாள் இல்லத்தரசி. சற்று நேரத்தில் தாச்சியின் ஒருபுறம் தூளும் மறுபுறம் இறைச்சியுமாகப் பிரிந்து மிதக்கின்றன. எடுத்து உண்டு பார்த்தாலோ இறைச்சி தோல்வார்போல இழுபடுகின்றது. கொடுத்த விலையை எண்ணி மனம் வருந்துகின்றது. குற்றம் முழுவதும் இறைச்சிக் கடைக்காரர் தலையிற் சுமத்தப்படுகின்றது. பெரும்பாலும் அவர்மீது பிழையில்லை. இறைச்சியின் நார் எப்பக்கமாக ஓடுகின்றது, அதன் நீர் எங்கே நிற்கின்றது என்னும் இரண்டையும் கவனியாமையே இக்குறைகளுக்குக் காரணம்.

இவ்வகை உணவு பல நாடுகளில் வீட்டுணவாக விளங்குவது. ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவின் பெயரால் வழங்கும் 'வீனர் சினிற்சல்' கன்றிறைச்சியால் ஆக்கப்படவேண்டும் என்பது அந்நாட்டு உணவு விதி. இத்தாலியிலே மிலான் நகரத்தாரும் கன்றிறைச்சியை எலும்போடு இவ்வாறே பொரிப்பர். மிலானிலே படை நடத்திய ராடெற்ஸ்கி என்னும் தளபதியே இதனை வியன்னாவுக்குக் கொண்டுசென்றார் என்றொரு கதை உண்டு. கதை சுவையானது, அதற்குச் சான்றுதான் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆர்ஜென்டீனாவிற் குடியேறிய இத்தாலியர் இவ்வுணவையும் உடன்கொண்டு சென்றனர். மாடு மலிந்த அந்நாட்டிலே கன்றிறைச்சியின் இடத்தை மாட்டிறைச்சி பெற்றது. 'மிலனேசா' என்பது அங்கு வழங்கும் பெயர். இலங்கையிலும் இக்கைப்பழக்கம் புதிதன்று. பறங்கியர் இல்லங்களில் லம்பிறைஸ் சோற்றோடு வைக்கும் 'பிரிக்கடெல்' என்னும் இறைச்சி உருண்டை, முட்டையும் பாண்தூளும் பூசிப் பொரிக்கப்படுவதேயாகும்.

நால்வருக்கு அரைக் கிலோ இறைச்சி போதும். எலும்பும் கொழுப்பும் குறைந்த பின்தொடை இறைச்சி ஏற்றது. உற்றுநோக்கினால் அதில் நார்கள் ஒரே திசையில், கயிற்றின் புரிகளைப்போல ஓடுவது தெரியும். கத்தி அந்நார்களைக் குறுக்காக வெட்டவேண்டும். நாரின் நெடுக்கே வெட்டிய துண்டில் ஒவ்வொரு நாரும் முழுநீளமாக நிற்கும். அதனை அறுக்கும் வேலை பற்களுக்கு வந்துசேரும். குறுக்கே வெட்டினால் அவ்வேலையைக் கத்தி முன்னரே முடித்துவிடுகின்றது. ஆதலின் முதலில் நாருக்குக் குறுக்காக ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள வில்லைகளாக அரிந்து, அவற்றை அம்மிக் குழவியால் மெல்லத் தட்டி அரைச் சென்ரிமீற்றர் அளவாக்கி, பின்னர் விரலகலத் துண்டுகளாகப் பிரித்தல் நன்று. குளிர்சாதனப் பெட்டியுள்ள இல்லத்தார் உறைபகுதியில் அரைமணி நேரம் வைத்து எடுத்தால், இறைச்சி இறுகிக் கத்திக்கு இணங்கும்.

முதிர்ந்த மாட்டின் இறைச்சியாயின் பச்சைப் பப்பாசிக்காயின் துணையை நாடலாம். அதன் பாலில் உள்ள பப்பெயின் என்னும் பொருள் புரதத்தைச் சிதைக்கும் இயல்புடையது. அரைத்த காயிலே ஒரு தேக்கரண்டியளவு பூசிப் பதினைந்து நிமிடம் விட்டாற் போதும். நெடுநேரம் விட்டால் மேற்புறம் கூழாகிவிடும். அதன்பின் அதனை மீட்க வழியில்லை.

பின்னர் ஒரு தேக்கரண்டி உப்பும், சிறிது மிளகுதூளும், அரைத்த உள்ளியும் சேர்த்துப் பிசறி முக்கால் மணி நேரம் வைத்தல் வேண்டும். உப்பு நீரை வெளியே இழுக்கும். சமையற் குறிப்புகள் பலவும் சொல்லாது விடும் செயல் இவ்விடத்திலேதான் உள்ளது: ஒவ்வொரு துண்டையும் தூய துணியால் ஒற்றி ஈரத்தை அகற்றவேண்டும். ஈரம் தங்கிய இறைச்சி எண்ணெயில் விழுந்தவுடன் அந்நீர் ஆவியாகிப் பூச்சினை உள்ளிருந்து தள்ளுகின்றது. தூள் தனியே மிதப்பதன் காரணம் இதுவே.

பூச்சு மூன்று படையாக அமையும். முதலிற் கோதுமை மா. இது எஞ்சிய ஈரத்தை உறிஞ்சி, வழுக்கும் இறைச்சிக்குச் சொரசொரப்பைத் தரும். மிகுதியை உதறிவிடவேண்டும். அடுத்தது அடித்த முட்டை. அரைக் கிலோவுக்கு இரண்டு. வெப்பம் பட்டதும் முட்டை இறுகிப் பசைபோலப் பற்றிக்கொள்ளும். மூன்றாவது பாண்தூள். ஆர்ஜென்டீனாவில் மாவை விடுத்து, உள்ளியும் பார்சிலி இலையும் கலந்த முட்டையில் இறைச்சியை ஊறவிடும் இல்லங்கள் பல. அதுவும் நன்றே, ஆயினும் புதிதாகச் செய்வோர்க்கு மாவே உறுதுணை. உலர்ந்த பொருளுக்கு ஒரு கையும் முட்டைக்கு மறு கையுமாக வைத்துக்கொண்டால் விரல்களும் பூச்சுப் பெறாமல் தப்பும்.

தூளுக்கு முந்தைய நாட் பாண் சிறந்தது. அதனைச் சிறு துண்டுகளாக்கி வெயிலிலோ இளஞ்சூடான போறணையிலோ நிறம் மாறாமல் உலர்த்தி இடித்துக்கொள்ளலாம். பழைய பாணை எறிந்துவிடும் வீடுகளுக்கு இது ஒரு சிக்கனமுமாகும். ரஸ்குத் தூள் ஏலவே சிவந்திருப்பதால் எண்ணெயில் விரைவிற் கருகும். வியன்னாவில் தூளை அழுத்தலாகாது என்பர். பூச்சு இறைச்சியிலிருந்து சற்றே எழும்பித் தளர்ந்த சட்டைபோல நிற்பது அவர்களுக்கு அழகு. ஆர்ஜென்டீனாவில் உள்ளங்கையால் அழுத்திப் பதிப்பர். அகன்ற வில்லைக்கு முன்னையது பொருந்தும். பலமுறை புரட்டப்படும் சிறு துண்டுகளுக்குப் பின்னையதே பாதுகாப்பு. பூசியவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காது பரப்பி இருபது நிமிடம் விட்டால் மூன்று படையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

இனி எண்ணெய். ஆழமான தாச்சியில் அரைவாசிக்கு மேற்படாமல் ஊற்றி, 175 முதல் 180 பாகை செல்சியசு வரை சூடாக்கவேண்டும். வெப்பமானி இல்லாதவர் ஒரு சிட்டிகை தூளை இட்டுப் பார்க்கலாம். அது அமிழ்ந்து கிடந்தாற் சூடு போதாது. உடனே நுரைத்தெழுந்தாற் பதம். விழுந்தவுடன் கருகினால் மிகை. தேங்காய் எண்ணெய், அதிலும் சுத்திகரிக்கப்படாதது, விரைவிற் புகைவது; புகை எழுமுன் தீயைத் தணித்தல் வேண்டும். ஒரே வேளையில் ஐந்தாறு துண்டுகளுக்கு மேல் இடலாகாது. பல துண்டுகளை ஒருங்கே இட்டால் எண்ணெய் குளிர்ந்து, பொருக்கு இறுகுமுன் பூச்சு எண்ணெயைக் குடித்துவிடும்.

எண்ணெயினுள்ளே நிகழ்வதை அறிந்தால் ஏனையவை எளிதாகும். பூச்சிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும். அவ்வாவி எதிர்த்து நிற்கும்வரை எண்ணெய் உட்புகுவது அரிது. நீர் உள்ளவரை மேற்பரப்பின் சூடு 100 பாகையை மிகத் தாண்டாது. அது வறண்ட பின்னரே சூடு ஏறும். ஏறத்தாழ 140 பாகையிலிருந்து புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று விரைந்து தாக்கமுற்றுப் பொன்னிறத்தையும் நறுமணத்தையும் பிறப்பிக்கும். 1912ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்த பிரெஞ்சு அறிஞர் லூயி கமில் மையாரின் பெயராலேயே இத்தாக்கம் வழங்குகின்றது. அதுவரை பூச்சின் உள்ளே இறைச்சி தன் சாற்றை இழக்காமல், கடும் எண்ணெய் நேரே தீண்டாமல் வேகின்றது.

இச்சமையலிற் கண்ணைப்போலவே காதுக்கும் வேலையுண்டு. துண்டுகள் விழுந்தவுடன் எழும் பேரோசை, ஆவி மிகுந்து வெளியேறுவதன் அறிகுறி. இரண்டு மூன்று நிமிடத்தில் அவ்வோசை தணிந்து மெல்லிய சலசலப்பாகும், குமிழிகளும் குறையும். எடுக்கவேண்டிய தருணம் அதுவே. இன்னும் சிவக்கட்டும் என்று விட்டால் இறைச்சியின் சாறும் வற்றிவிடும்.

எடுத்தபின் கடதாசியிற் குவிப்பது வழக்கம். குவியலின் அடியில் ஆவி தேங்கிப் பொருக்கை நனைத்துவிடும். பொரியல் ஆறும்போதுதான் ஆவி ஒடுங்கி, மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுக்கின்றது. ஆதலின் தாச்சியின் மேலேயே நன்றாக வடித்து, கம்பித் தட்டிற் பரப்புதல் சாலச் சிறந்தது.

கொதிக்கும் எண்ணெய் தீப்பற்றினால் எக்காரணத்தாலும் நீரை ஊற்றலாகாது. நீர் கணத்தில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசியெறியும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் தாச்சியை மூடி, முற்றும் ஆறும்வரை திறவாதிருத்தல் வேண்டும். பொரிக்கும் நாளில் மூடி கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும், சிறு பிள்ளைகள் அடுப்படியில் இல்லாதிருப்பதும் முன்னரே உறுதிசெய்யத்தக்கவை. பச்சை இறைச்சி தொட்ட கத்தியையும் பலகையையும் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். எஞ்சிய முட்டையையும் தூளையும், வீணாகின்றதே என்று மீண்டும் பேணியிலிட்டு வைத்தல் நோயை விலைகொடுத்து வாங்குவதாகும்.

மாட்டிறைச்சி கொள்ளாத இல்லத்தார் அறக்குளா மீனை இவ்வாறே செய்யலாம். மீனுக்குத் தட்டுதலும் பப்பாசியும் வேண்டா.

வியன்னாவில் எலுமிச்சைத் துண்டோடு பரிமாறுவர். இங்கே தேசிக்காய்ப் பாதியும் அரிந்த வெங்காயமும் அவ்விடத்தை நிரப்பும். சாற்றை உண்ணும்போதே பிழியவேண்டும். முன்னரே பிழிந்தாற் பொருக்கு இளகிவிடும். மறுநாளுக்கு எஞ்சுமாயின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எண்ணெய் இடாத தாச்சியிற் சிறு தீயில், மூடியிடாமல், இருபுறமும் திருப்பி நன்றாகச் சூடாக்கிக் கொள்ளலாம்.