தேய்த்துக் கெடுத்த தோல் தானே தேறும் விதம் தெரியுமா?

உங்கள் உடம்பில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் ஆவியாகிப் போகாமல் பிடித்து வைத்திருப்பது, எழுதும் தாளைவிட மெல்லிய ஒரு படலம் என்பது தெரியுமா? சாதாரண வெள்ளைத் தாளின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான். தோலின் உச்சியில் இருக்கும் கொம்புப் படலமோ, உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விட்டுவிட்டால், வெறும் 10 முதல் 20 மைக்ரான்! அதற்குள் 15, 20 அடுக்குச் செல்கள். கண் இமையில் இன்னும் மெல்லிசு. இதன் மேல்தான் சனிக்கிழமை வால்நட் ஓட்டுப் பொடி போட்ட ஸ்க்ரப், ஞாயிற்றுக்கிழமை கிளைகாலிக் அமில டோனர், திங்கட்கிழமை ரெட்டினால், நடுவில் ஒரு நாள் பீர்க்கங்காய் நார் என்று படையெடுக்கிறோம். முதலில் முகம் பளபளக்கிறது. எல்லோரும் என்ன போடுகிறாய் என்று கேட்கிறார்கள். பிறகு ஒரு காலையில் வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது!

அந்தப் படலத்தில் இருக்கும் செல்கள் அத்தனையும் இறந்தவை என்பதாவது தெரியுமா? உட்கரு கிடையாது, உள்ளே நகத்தில் இருப்பது போன்ற கெரட்டின்தான் நிரம்பியிருக்கிறது. 'இறந்த செல்களை நீக்கும்' என்று புட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அவர்கள் நீக்கச் சொல்வது உங்கள் காவல்காரர்களை!

இதில் வாங்குபவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தோலை ஆராய்ந்தவர்களே பல காலம் இந்தப் படலத்தைக் குப்பை என்றுதான் நினைத்திருந்தார்கள். ஆய்வகத்தில் தோல் துண்டைப் பதப்படுத்தும்போது கொழுப்பெல்லாம் கரைந்து போய்விடும். நுண்ணோக்கியில் பார்த்தால் கொம்புப் படலம் தளர்வாக, ஓட்டை ஓட்டையாக, கூடைப் பின்னலாகத் தெரியும். உதிரக் காத்திருக்கும் கழிவு என்று எழுதி வைத்துவிட்டார்கள். 1960களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆல்பர்ட் கிளிக்மேன் அந்தக் கூடைப் பின்னல் பதப்படுத்தியதால் வந்த கோளாறு என்று காட்டினார். படலத்தை முழுசாகப் பிரித்தெடுத்தால் அது கெட்டியான, எளிதில் கிழியாத, தண்ணீரை விடாத ஒரே விரிப்பு! (அதே கிளிக்மேன் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் ஆண்டுக்கணக்கில் சோதனை நடத்தியவர். அந்தக் கறை அவர் பெயரை விட்டு இன்றுவரை போகவில்லை, போகவும் கூடாது.)

பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் பீட்டர் எலியாஸ் வந்தார். இந்தப் படலத்தைச் செங்கல் சுவர் என்றார். செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையில் இருக்கும் கொழுப்பு சிமெண்ட் பூச்சு. தோல் மருத்துவப் பாடங்களில் இன்றைக்கும் இந்தப் படம்தான். அந்தப் பூச்சின் கலவை தெரியுமா? எடைக் கணக்கில் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். ஆம், ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்துப் பயப்படுகிறோமே, அதே கொலஸ்ட்ரால்தான் முகத்தைக் காக்கிறது!

இதைவிட வியப்பான ஒன்று. 1887இல் லார்டு கெல்வின், இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று அடுக்க வேண்டும், மேற்பரப்பும் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், அதற்கு எந்த வடிவம் உகந்தது என்று யோசித்துப் பதினான்கு முகம் கொண்ட ஒரு வடிவத்தைச் சொன்னார். 2016இல் ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எலியின் காதுத் தோலைப் பார்த்தார்கள். கொம்புப் படலத்துக்குச் சற்றுக் கீழே, உயிரோடு இருக்கும் செல்கள் தட்டையாக அழுத்திய அதே பதினான்கு முக வடிவத்தில் இருந்தன! பழைய செல் கழன்று புதியது ஏறும்போதுகூட நடுவில் ஓட்டை விழாமல் இருப்பதற்கு இந்த வடிவம் உதவுகிறதாம். கெல்வின் காகிதத்தில் போட்ட கணக்கைத் தோல் எப்போதோ போட்டு முடித்திருக்கிறது.

சரி, நீங்கள் தேய்க்காவிட்டாலும் தோல் தன்னைத் தானே தேய்த்துக்கொள்கிறது, தெரியுமா? செல்களைப் பிணைத்திருக்கும் புரத ஆணிகளை நொதிகள் மெல்ல மெல்ல வெட்டுகின்றன. ஏறக்குறைய நாளுக்கு ஓர் அடுக்கு கழன்று போகிறது. இரண்டு வாரத்தில் படலம் முழுசாகப் புதுசு! கோடிக்கணக்கில் உதிர்ந்தாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை, தனித்தனிச் செல்லாக உதிர்வதால்.

விபரீதம் தொடங்கும் இடமும் இதுதான். அந்த நொதிகள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். அமிலத்தாலும் ஸ்க்ரப்பாலும் படலம் கிழிந்து தண்ணீர் வெளியேறினால் மேல் அடுக்கு காய்கிறது. காய்ந்தால் ஆணிகள் சரியாக வெட்டுப்படுவதில்லை. செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு செதில் செதிலாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. பார்த்தவர் என்ன செய்கிறார்? 'இறந்த செல் இன்னும் நிறைய இருக்கிறது' என்று மறுபடி தேய்க்கிறார்! தேய்த்ததால் வந்த செதிலுக்கு மருந்தும் தேய்ப்பதே என்று ஆகிவிடுகிறது. இந்தச் சுழலில் மாட்டாதவர்கள் இன்றைய கல்லூரி விடுதிகளில் குறைவு என்பது என் சந்தேகம்.

முகத்துக்குப் போடும் அந்தப் பழ அமிலங்கள் முதலில் யாருக்காக வந்தன தெரியுமா? இக்தியோசிஸ் என்ற பிறவி நோய் உள்ளவர்களுக்கு. அவர்களுடைய தோல் உதிராமல் தடித்துச் செதிலாக மூடிக்கொள்ளும். யூஜின் வான் ஸ்காட், ரூயி யூ இருவரும் 1974இல் இந்த அமிலங்களைப் பூசினால் செதில் கழன்று வருவதைக் காட்டினார்கள். அளவுக்கு மீறித் தடித்த தோலுக்குக் கண்டுபிடித்தது இன்று சரியான தடிமனில் இருக்கும் தோல் மேல் தினமும் ஊற்றப்படுகிறது. வீட்டில் வாங்கிப் பூசும் பொருளில் அமிலம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது என்று அமெரிக்க அழகுப் பொருள் நிபுணர் குழு 1990களிலேயே சொல்லிவிட்டது. நம் வீட்டு எலுமிச்சைச் சாற்றின் பி.எச். இரண்டை ஒட்டி இருக்கும். 'இயற்கைதானே' என்று முகத்தில் பிழிபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமிலம் கெடுதல் என்று எதிர்ப்பக்கம் ஓடிவிடவும் வேண்டாம். தோலே அமிலத்தன்மை கொண்டதுதான்! 1928இல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரு ஜெர்மானியர்கள் அதை 'அமில உறை' என்றார்கள். பி.எச். ஏறக்குறைய 5. செராமைடு தயாரிக்கும் நொதிகளுக்கு இந்த இலேசான புளிப்பு இருந்தால்தான் கை ஓடும். சாதாரண சோப்பின் பி.எச். ஒன்பது, பத்து. சோடா உப்பைக் குழைத்துப் பூசினாலும் எட்டைத் தாண்டும். கழுவிய பிறகு தோல் பழைய நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். பழுது பார்க்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறோம்.

இப்போது இந்த விஷயத்திலேயே பெரிய அதிசயம். கிழிந்துவிட்டது என்ற செய்தி தோலுக்கு எப்படிப் போகிறது தெரியுமா? ஓட்டையே சொல்கிறது! முடியில்லாத எலிகளின் தோலில் அசிட்டோனைத் தடவி எலியாஸ், கென்னத் ஃபைன்கோல்டு குழுவினர் கொழுப்பைக் கரைத்தார்கள். ஒரு பகுதி எலிகளுக்கு நீராவிகூடப் புகாத ரப்பர் உறையைச் சுற்றினார்கள். இன்னொரு பகுதிக்கு நீராவியை விடும் துணி. என்ன ஆயிற்று? இறுக்கி மூடிய தோல் பழுது பார்க்கும் வேலையைத் தொடங்கவே இல்லை! ஆவி போன தோல் மளமளவென்று தேறியது. 1989இல் வெளியான இந்த ஆய்வின்படி, தண்ணீர் கசிவதே கட்டளை. கசிவு நின்றால், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோல் நினைத்துக்கொள்கிறது.

உள்ளே நடப்பதைக் கேளுங்கள். வழக்கமாக உயிருள்ள மேல் அடுக்கில் கால்சியம் குவிந்திருக்கும். படலம் கிழிந்ததும் அந்தக் குவியல் கலைகிறது. உடனே, சில நிமிடங்களுக்குள், செல்கள் தயாராக வைத்திருந்த கொழுப்புப் பொதிகளை வெளியே தள்ளுகின்றன! கையிருப்பு தீர்ந்ததும் புதுக் கொழுப்பைத் தயாரிக்கின்றன. இளம் வயதினருக்கு 24 மணி நேரத்தில் பாதி, 72 மணி நேரத்தில் 80 சதவீதம் சரியாகிறது. எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதே 24 மணி நேரத்தில் 15 சதவீதம்தான். ஆனால் இது ஒரே ஒரு முறை கிழித்த கணக்கு. மாதக்கணக்கில் தேய்த்தவர் மூன்று நாளில் எழுந்து உட்கார முடியாது, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

அப்படியானால் வாசலின் பூசினால் கசிவை அடைத்து வேலையைக் கெடுத்துவிடுமா? அங்கேதான் இன்னொரு திருப்பம்! 1992இல் பார்த்தபோது வாசலின் மேலே மூடியாக மட்டும் நிற்கவில்லை. படலத்தின் இடுக்குகளுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருந்தது. தோலும் பழுது பார்ப்பதை நிறுத்தவில்லை. 1859இல் பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளில் குழாயில் ஒட்டிய பிசினைத் தொழிலாளிகள் வெட்டுக்காயத்தில் தடவுவதைப் பார்த்து, ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளைஞர் உருவாக்கிய பொருள் இது. காப்புரிமை 1872. 96 வயதுவரை வாழ்ந்த அவர் தினம் ஒரு கரண்டி தின்பார் என்றும் சொல்வார்கள். தயவுசெய்து தின்ன வேண்டாம்.

கிரீம் வாங்கும்போது உதவும் ஒரு செய்தி. மூன்று கொழுப்புகளில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பூசினால் தோல் தேறுவது தாமதமானது! மூன்றும் சேர்ந்தால்தான் வேலை. செராமைடு என்று மட்டும் பெரிதாக எழுதியிருந்தால் உடனே மயங்காதீர்கள், கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் பட்டியலில் உண்டா என்று திருப்பிப் பாருங்கள். அவை இல்லாவிட்டால், விலை குறைந்த வாசலினும் கிளிசரினும் போதும் என்பேன்.

எண்ணெய் தடவினால் காய்ந்த தோல் இளகும் என்று நம்புகிறீர்களா? 1952இல் இர்வின் பிளாங்க் காய்ப்புத் தோலை எண்ணெயில் ஊறப் போட்டார். விறைப்பாகவே இருந்தது! தண்ணீர் ஏறியதும்தான் இளகியது. எண்ணெயின் வேலை, ஏறிய தண்ணீரை வெளியே விடாமல் வைப்பது. அதனால்தான் ஈரம் காயும் முன் பூசச் சொல்கிறார்கள். எல்லா எண்ணெயும் ஒன்றல்ல: ஆலிவ் எண்ணெய் படலத்தைத் தளர்த்தியது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் தொற்று கணிசமாகக் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது.

பரீட்சை வந்தால் தோல் தேறாது, தெரியுமா? அமெரிக்காவில் 27 மாணவர்களின் முன்கையில் ஒட்டு நாடாவை ஒட்டி ஒட்டிப் பிய்த்துப் படலத்தைக் கிழித்தார்கள். விடுமுறையில் வேகமாகத் தேறிய அதே தோல், தேர்வு நேரத்தில் மந்தமானது! தூக்கத்தைக் கெடுத்தாலும் அப்படித்தான் என்று வேறொரு ஆய்வு.

எரிகிறது, சிவக்கிறது என்று மெடிக்கலில் போய்க் கேட்டால் சில இடங்களில் கையில் தருவது பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு டியூப். போட்ட மறுநாளே சிவப்பு மறையும். ஆனால் அது கொழுப்பு உற்பத்தியையே குறைக்கும். படலம் மேலும் மெலியும், விட்டால் இரட்டிப்பாகச் சிவக்கும். நம் நாட்டு மருத்துவர்கள் இப்படிக் கெட்ட முகங்களை ஏராளமாகப் பார்த்துக் குரல் கொடுத்த பிறகு, 2018இல் இத்தகைய பல கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்க மத்திய அரசு தடை போட்டது. சீட்டில்லாமல் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஆக, செய்ய வேண்டியவை வியக்கும்படி குறைவு. ஸ்க்ரப், அமிலம், ரெட்டினால், வைட்டமின் சி சீரம் எல்லாம் அலமாரிக்குள். நுரை பொங்காத மென்மையான ஃபேஸ் வாஷ் இரவில் ஒரு முறை, காலையில் தண்ணீர் மட்டும், அதுவும் வெந்நீர் வேண்டாம். ஈரத்தோடு மாய்ஸ்சரைசர், மிகவும் எரியும் இடத்தில் மேலே மெல்லிசாக வாசலின். நீர் வடிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, சில வாரத்தில் எரிச்சல் தணியாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் போக வேண்டும். வழக்கமான கிரீம் எரியாமல் இறங்கும் நாள் வந்த பிறகும் ஒரு வாரமாவது பொறுத்து, ஏதாவது ஒன்றை மட்டும், வாரம் ஒரு முறை தொடங்கலாம்.

வெயிலை மறக்காதீர்கள்! பழ அமிலம் பூசிய தோல் வெயிலில் சீக்கிரம் கருகும். அமிலத்தை நிறுத்திய பிறகும் ஒரு வாரம்வரை வெயிலிலிருந்து காத்துக்கொள்ளும்படி புட்டியில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2005இலேயே அறிவுறுத்தியது. இன்று நிறுத்தியவர் நாளை சன்ஸ்க்ரீன் இல்லாமல் வெளியே போக முடியாது. எரியும் தோலுக்குச் சிங்க் ஆக்சைடு போட்டது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அதுவும் எரிந்தால் குடையும் துப்பட்டாவும் இருக்கின்றன.