நோயாளி வீடு திரும்புமுன்: கட்டிலும் நாற்காலியும் சுவரிலுள்ள படங்களும்

வீடு திரும்பும் நாள் குறிக்கப்பட்டவுடன் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியுமே இருக்கும். நோயாளியை எந்தக் கட்டிலில் படுக்கவைப்பது, எழுந்தால் அவர் எதைப் பிடித்து நடப்பார், படுத்தபடி நாள் முழுவதும் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பவை அரிதாகவே கேட்கப்படுகின்றன. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை பெற்றவருக்கும், பக்கவாதத்திலிருந்து மீண்டுவருபவருக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள்கள் இருந்து தசைவலு இழந்தவருக்கும், பல்லாண்டு பழகிய கூடமே புதிய இடம்போலாகிவிடும். அங்கு ஒருமுறை தவறி விழுந்தால் மீண்டும் இந்த மருத்துவமனைக்கே வர நேரிடும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது அறை. ஓய்வு வேண்டும் என்று கருதி நோயாளியைப் பின்கட்டு அறையில் படுக்கவைப்பது பல வீடுகளில் வழக்கம். அமைதி கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அவர் கூப்பிட்டால் எவருக்கும் கேட்காது. கழிப்பறைக்கு அருகிலும், வீட்டார் நடமாடும் இடத்திலிருந்து குரல் கேட்கும் தொலைவிலும் உள்ள அறையே ஏற்றது. வேறு வழியில்லையெனில் கூடத்தின் ஒரு பகுதியைத் திரைச்சீலையால் மறைத்துக் கட்டிலைப் போடலாம். பார்வையாளர் தொல்லை இருக்கும். அதைக் கட்டுப்படுத்துவது, தனியறையில் விழுந்து கிடப்பவரைக் காலம் தாழ்த்திக் கண்டெடுப்பதைவிட எளிது.

கட்டிலின் உயரத்தை நோயாளியின் காலைக்கொண்டே அளக்க வேண்டும். விளிம்பில் அமரும்போது இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் தாழ்ந்தும் தொய்ந்தும் இருப்பதால் எழுவது கடினம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவரிடம், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என மருத்துவர் கூறியிருந்தால், பாய், மணை, சாய்வு நாற்காலி, தாழ்ந்த சோபா ஆகிய அனைத்தையும் அவர் அந்தக் காலம் முடியும்வரை மறந்துவிட வேண்டும். கைப்பிடியும் நிமிர்ந்த முதுகும் உறுதியான இருக்கையும் கொண்ட மரநாற்காலி ஒன்று போதும். எங்கும் கிடைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். எழும்போது ஒரு கைப்பிடியில் மட்டும் உடல் எடை முழுவதும் விழும். வழவழப்பான டைல்ஸ் தரையில் அதன் கால்கள் விரிந்து வழுக்கும். கூடத்தில் ஊஞ்சல் இருந்தால் அதைச் சிறிது காலம் கழற்றிவைப்பது நல்லது. பழக்கத்தின் காரணமாக அதில் அமர முயல்பவர்கள் உண்டு.

அடுத்தது வழி. கட்டிலிலிருந்து கழிப்பறைவரையுள்ள பாதையை இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், வாக்கரைப் பிடித்தபடி கடக்க வேண்டியவர் அவர் என்பதை நினைவில் வையுங்கள். வாக்கரின் அகலம் ஏறத்தாழ 60 முதல் 65 சென்டிமீட்டர். திரும்புவதற்கும் சேர்த்து 90 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. டீப்பாய், மிதியடி, தரையில் கிடக்கும் மின்விசிறியின் வயர், விருந்தினருக்காக விரித்து மடிக்காமல் விட்ட பாய் ஆகியவை இவ்வழியில் இருக்கலாகாது. வலுக்குறைந்தவர்கள் நடக்கையில் அருகிலுள்ள மேசையையோ, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியையோ, கதவுத்திரையையோ பற்றிக்கொள்வார்கள். எவ்வளவு சொன்னாலும் இது நிற்பதில்லை. ஆகையால் வழியோரத்தில் சக்கரம் பூட்டிய பொருள்களையும் எளிதில் சாயும் பொருள்களையும் வைக்காமலிருப்பதே பயனுள்ள தீர்வு. ஒருமுறை ஒழுங்குசெய்தபின் பண்டிகைக்காகவோ விருந்தினருக்காகவோ மாற்றாதீர்கள். பார்வை குன்றியவர்களும் மறதிநோய் உள்ளவர்களும் பொருள்களின் இடத்தை நம்பித்தான் நடக்கிறார்கள்.

பக்கவாதத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களுள் சிலருக்கு, கண் நன்றாக இருந்தும், இடப்பக்கத்தில் இருப்பது கவனத்தில் படாது. தட்டின் இடப்பாதியிலுள்ள சோறு உண்ணப்படாமலே இருக்கும். இவர்களுக்குத் தண்ணீர், மூக்குக்கண்ணாடி, அழைப்புமணி ஆகியவற்றை வலப்பக்கமே வையுங்கள். பேசுபவர் அமரும் நாற்காலியையும், விரும்பிப் பார்க்கும் படத்தையும் இடப்பக்கம் வைத்து அப்பக்கம் திரும்பத் தூண்டலாமா என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இனி சுவர். நம் வீடுகளில் படங்களைக் கதவு நிலைக்கு மேலே உயரத்தில் மாட்டுவது நெடுநாள் வழக்கம். பழைய வீடுகளில் அவற்றை முன்னோக்கிச் சாய்த்தும் கட்டியிருப்பார்கள். தரையில் பாயில் அமர்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்க்க அந்தச் சாய்வு உதவியது. கண்ணாடியின் பளபளப்பும் குறைந்தது. அருங்காட்சியகங்கள் நின்று பார்ப்பவரைக் கருதி, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருக்குமாறு மாட்டுகின்றன. நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டம் சுமார் 115 சென்டிமீட்டர்தான். தலையணையில் சாய்ந்திருப்பவருக்கு எந்த உயரம் வசதி என்பதைக் கணக்கிட்டு அறிய முடியாது. வீட்டாரில் ஒருவர் அக்கட்டிலில் சாய்ந்து படுக்க, மற்றொருவர் படத்தைச் சுவரில் பிடித்து மேலும் கீழும் நகர்த்திப் பென்சிலால் குறிக்கட்டும். ஐந்து நிமிட வேலை. கழுத்தை வளைக்காமல் படம் தெரிய வேண்டும். சன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசலாகாது.

காண்பது உடலையும் தொடக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டு, 1984இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று விரைவாக வீடு திரும்பினர். வலிமைமிக்க வலிநிவாரணிகளையும் குறைவாகவே பெற்றனர். சிறிய ஆய்வு, அது சன்னலைப் பற்றியது, படத்தைப் பற்றியதன்று. எனினும் சன்னலை அடைத்து நிற்கும் பீரோவை நகர்த்த இது போதிய காரணம்.

முதியோருக்கு நோயின்போது நாளும் பொழுதும் குழம்புவது உண்டு. பெரிய எண்கள் கொண்ட கடிகாரமும் நாள்காட்டியும் கண்ணெதிரே இருப்பது இதற்கு உதவும். நாள்தோறும் தாள் கிழிக்கும் நம் நாள்காட்டியைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன். அதைக் கை எட்டும் உயரத்தில் மாட்டி, அவரையே கிழிக்கச் சொல்லுங்கள். மறதிநோய் உள்ளவர் பீரோக் கண்ணாடியில் தம் உருவத்தையே அயலார் என எண்ணி அஞ்சினால், கண்ணாடியைத் துணியால் மறைத்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளின் ஒளிப்படங்களின் கீழே பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டலாம்.

மாலையிட்ட படங்களைப் பற்றித் தயக்கமின்றிப் பேச வேண்டும். மறைந்த துணையின் படத்துக்கு எதிரே படுத்திருப்பது சிலருக்கு ஆறுதல். சிலருக்கு, அடுத்து நான்தான் என்ற எண்ணம். அவரிடமே கேளுங்கள். மனைவி இறந்ததை மறந்துபோனவர் மாலையையும் பொட்டையும் காணும்போதெல்லாம் அச்செய்தியைப் புதிதாகக் கேட்கிறார். அவருக்கு, இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும் மாலையில்லாத பழைய படம் ஒன்றை மாட்டுவது மரியாதைக் குறைவாகாது.

கனமான படத்தைத் தலைமாட்டுக்கு மேலே மாட்டாதீர்கள். சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் வயர் செல்லும் என்பதால் அங்கு ஆணி அடிக்கலாகாது. நுரையீரல் நோயாளி வருவதற்கு முன்பே துளையிடும் வேலையை முடித்துத் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர் இருப்பின், சாமி படத்தின்முன் ஏற்றும் விளக்கும் கற்பூரமும் ஊதுவத்தியும் அக்கருவியிலிருந்தும் அவரிடமிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். சிறிய வீடுகளில் இது அடுத்த அறை என்றே பொருள்படும். விளக்கை அங்கே மாற்றிவிட்டு, படத்தை அவர் பார்வையிலேயே விட்டுவைக்கலாம்.